பூனைகள் ஒன்றையொன்று கொல்லும் 'வாரியர்ஸ்' புத்தகங்களை ஒன்பது வயதுக் குழந்தை படிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தோழியிடமிருந்து வாங்கிவந்த 'வாரியர்ஸ்' புத்தகத்தைச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினால், பூனைகள் ரத்தம் வடிய அடித்துக்கொள்கின்றன, ஒன்று செத்துப்போகிறது. இது குழந்தைகள் புத்தகம்தானா, நிறுத்திவிடட்டுமா, தொடர்ந்தால் எந்த வரிசையில் இன்னும் எத்தனை வாங்க வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையும் செலவும் எளிதாகச் சொல்லிவிடக்கூடியவை. இவ்வளவு சாவு உள்ள ஒரு கதை அந்த வயதில் மனதை என்ன செய்யும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நான் பல வருடங்களாகப் பள்ளி நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொடரின் முதல் ஆறு புத்தகங்களையும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பின்னால் வந்தவற்றில் பலவற்றைப் படித்திருக்கிறேன், எல்லாவற்றையும் அல்ல. குழந்தை மனநல மருத்துவர் இல்லை. எனவே, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அது உங்கள் மகளை எப்படித் தொடும் என்பதை மற்ற குழந்தைகளிடம் பார்த்ததை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அவளை அறிந்தவர் நீங்கள்தான்.

அட்டையில் எரின் ஹண்டர் என்று பெயர் இருக்கும். அப்படி ஒரு ஆள் கிடையாது. அமெரிக்காவின் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், காட்டில் வாழும் பூனைகளை வைத்து ஒரு கற்பனைத் தொடர் வேண்டும் என்று லண்டனில் இருக்கும் வொர்க்கிங் பார்ட்னர்ஸ் நிறுவனத்திடம் கேட்டது. அங்கே விக்டோரியா ஹோம்ஸ் கதையின் ஓட்டத்தை வகுத்துக் கொடுக்க, கேட் கேரி, செரித் பால்ட்ரி ஆகியோர் எழுதினார்கள். பிறகு வேறு சிலரும் சேர்ந்தார்கள். முதல் புத்தகமான 'இன்டு தி வைல்ட்' 2003-இல் வந்தது. பல கைகள் எழுதியதால் ஒரு பூனையின் கண் நிறம் ஒரு புத்தகத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கும். குழந்தைகள் இதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் அவ்வளவு உற்சாகம் காட்டுவார்கள்! அவ்வளவு கூர்ந்து படிக்கிறார்கள் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

கதை நடப்பது இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் நியூ ஃபாரஸ்ட்டை மனதில் வைத்து உருவாக்கிய ஒரு காட்டில். அங்கே தண்டர்கிளான், ஷேடோகிளான், விண்ட்கிளான், ரிவர்கிளான் என்று நான்கு பூனைக் குலங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, தலைமைப் பூனை உண்டு, மூலிகை தெரிந்த வைத்தியர் உண்டு. பௌர்ணமி இரவில் மட்டும் நான்கும் சண்டையை நிறுத்திவைத்து, நான்கு பெரிய ஓக் மரங்கள் நிற்கும் பள்ளத்தில் கூடிப் பேசும். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் அது மாணவனாகிறது, தேறியதும் வீரனாகிறது, ஒவ்வொரு படியிலும் பெயர் மாறுகிறது. ரஸ்டி என்ற வீட்டுப்பூனை வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் வந்து ஃபயர்பாவாகி, பிறகு ஃபயர்ஹார்ட்டாகிறது. முதல் ஆறு புத்தகங்களின் கதை இதுதான். பல பதிப்புகளில் முன்பக்கத்தில் இரண்டு வரைபடங்கள் இருக்கும். ஒன்று பூனைகள் வைத்த பெயர்களோடு, இன்னொன்று அதே நிலம் மனிதர்கள் வைத்த பெயர்களோடு. பூனைகள் ஃபோர்ட்ரீஸ் (நான்கு மரங்கள்) என்று அழைக்கும் அந்தக் கூடும் பள்ளம் மனிதர்களின் வரைபடத்தில் டிரூயிட்ஸ் ஹாலோ. மகளிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இந்தக் குலங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முதியவர்கள், தாய்ப்பூனைகள், குட்டிகள் சாப்பிட்ட பிறகுதான் வீரர்களும் மாணவர்களும் சாப்பிட வேண்டும். வலியிலோ ஆபத்திலோ இருக்கும் குட்டி எந்தக் குலத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் கைவிடக் கூடாது. சண்டையில் ஜெயிப்பதற்காகக் கொல்லக் கூடாது. எதிரி இந்தச் சட்டத்தையே மதிக்காதவனாக இருந்தாலோ, தன் உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழி இல்லாவிட்டாலோ மட்டும்தான் விலக்கு. நீங்கள் நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்ததால் உங்கள் கண்ணில் பட்டது நகமும் ரத்தமும். முதலிலிருந்து படிக்கிற குழந்தைக்கு அந்தச் சண்டைக்குப் பின்னால் இந்தச் சட்டம் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. யார் அதை மீறினார்கள், மீறியது சரியா என்பதுதான் அவள் மனதில் ஓடும் கேள்வி. என் நூலகத்தில் இந்தப் புத்தகங்களைப் பற்றிக் குழந்தைகள் போடும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

முதல் புத்தகத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. மாணவனாகச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஃபயர்பா தனியாக வேட்டைக்குப் போகிறான். வழியில் யெல்லோஃபேங் என்ற எதிரிக் குலத்துக் கிழட்டுப் பெண்பூனை எதிர்ப்படுகிறது. எலும்பும் தோலுமாக, கடும் பசியில், வாயைத் திறந்தாலே வசை. இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். ஃபயர்பா ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு அதன் நிலையைப் பார்த்து இரையைப் பிடித்துவந்து கொடுக்கிறான். தானும் கொஞ்சம் தின்கிறான். குலத்துக்கு உணவு கொண்டுபோகாமல் எதிரிக்கு ஊட்டியதும், தான் தின்றதும் குற்றம். தலைவி ப்ளூஸ்டார் தண்டனை தருகிறாள்: அந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இனி உன்னுடையது. முகாமுக்குள்ளேயே அதற்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும், படுக்கையைச் சுத்தம் செய்ய வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். அந்தத் தண்டனையிலிருந்துதான் தொடரின் மிக ஆழமான நட்புகளில் ஒன்று முளைக்கிறது. கருணை காட்டியது தவறா என்றால் இல்லை. தண்டித்தது அநியாயமா என்றால் அதுவும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளப் பழகுகிறது. இதற்காகவே நான் இந்தப் புத்தகத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன்.

அதே புத்தகத்தில் ஷேடோகிளானின் தலைவன் ப்ரோக்கன்ஸ்டார், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளைச் சண்டைப் பயிற்சிக்கு அனுப்புகிறான். குட்டிகள் சாகின்றன. போர்களில் சிறுவர்கள் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டதைச் செய்தியில் படித்த நமக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியும். குழந்தைக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, அது தவறு என்று தெரிந்தால் போதும். அவன் செய்வது தவறு என்பதில் கதை எந்த மழுப்பலும் காட்டுவதில்லை.

கடினமான பகுதிகள் எவை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கதை தெரிந்துவிடும், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்தாவது புத்தகமான 'எ டேஞ்சரஸ் பாத்'தில் இரண்டு மாணவர்கள், ஸ்விஃப்ட்பாவும் ப்ரைட்பாவும், தங்களுக்கு வீரப் பெயர் கொடுக்கப்படவில்லை என்ற வருத்தத்தில், காட்டில் இரையைத் தின்பது எது என்று கண்டுபிடித்துப் பெயரெடுக்கக் கிளம்புகிறார்கள். அங்கே இருப்பது நாய்க்கூட்டம். ஸ்விஃப்ட்பா செத்துப்போகிறான். ப்ரைட்பா முகத்தின் ஒரு பக்கம் சிதைந்து, ஒரு கண் போய், உயிர் பிழைக்குமா என்று தெரியாமல் கிடக்கிறாள். பெயரில்லாமல் சாகக் கூடாதென்று ப்ளூஸ்டார் அவளுக்கு வீரப் பெயர் சூட்டுகிறாள். அந்தப் பெயர் லாஸ்ட்ஃபேஸ், முகம் இழந்தவள். அந்த நேரத்தில் ப்ளூஸ்டார் முன்னோர்கள் மேலிருந்த நம்பிக்கையை இழந்து கசந்துபோயிருக்கிறாள். அந்தக் கசப்பைத் தூக்கிக் காயம்பட்ட ஒரு சிறுமியின் மேல் பெயராக ஒட்டிவிடுகிறாள். பிழைத்து எழுந்தவள் சிதைந்த முகத்தோடு அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு நடமாட வேண்டியிருக்கிறது. நாய்கள் கடித்ததைவிட இந்தப் பெயர்தான் குழந்தைகளை அதிகம் உலுக்குகிறது என்று நான் கவனித்திருக்கிறேன். 'எப்படி அப்படிக் கூப்பிடலாம்?' என்று கோபமாக வந்து கேட்பார்கள். ஆறாவது புத்தகத்தில் அவளுக்கு ப்ரைட்ஹார்ட் என்று பெயர் மாற்றப்படுகிறது. உங்கள் மகள் ஐந்தாவதை முடித்துவிட்டுச் சோர்ந்திருந்தால், அடுத்ததைக் காத்திருக்க வைக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஆறாவது புத்தகம், 'தி டார்க்கெஸ்ட் அவர்', முதல் வரிசையிலேயே மிக இருண்டது. டைகர்ஸ்டார் என்ற தலைவன் இரண்டு குலங்களைத் தன் கீழ் கொண்டுவந்து, கலப்புக் குலத்தில் பிறந்த பூனைகள்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று கூட்டத்தைத் தூண்டிவிடுகிறான். இரை எலும்புகளைக் குவித்த மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு ஸ்டோன்ஃபர் என்ற வீரனிடம், நீ விசுவாசமானவன் என்று காட்ட இந்த இரண்டு கலப்பு மாணவர்களையும் கொன்றுவிடு என்கிறான். ஸ்டோன்ஃபர் முடியாது என்கிறான். பட்டினி போட்டு நலிந்த உடம்போடு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சண்டையிட்டே சாகிறான். பிறப்பை வைத்து ஒருவரை ஒதுக்குவது என்றால் என்ன என்று நம் ஊர்க் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தருகிறது. இந்தக் காட்சி அளவுக்கு அது உள்ளே இறங்குவதில்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் டைகர்ஸ்டாரின் சாவு வருகிறது. குலத்தலைவர்களுக்கு ஒன்பது உயிர். அவன் ஒரே அடியில் ஒன்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக இழக்கிறான், அது விவரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதல் வரிசையில் ரத்தத்தைப் பொறுத்தவரை உச்சம் அந்தப் பக்கங்கள்தான். உங்கள் மகள் ரத்தத்தைக் கண்டால் தூக்கம் கெடும் ரகம் என்றால், அந்த அத்தியாயத்தை மட்டும் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது படிக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டும் நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், இந்தப் புத்தகங்களில் சாவு விளையாட்டாக வருவதில்லை என்பதுதான். ஒரு பூனை செத்தால் அதன் உடலை முகாமின் நடுவே கிடத்துகிறார்கள். நெருங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் ரோமத்தில் மூக்கை வைக்கிறார்கள், நக்கிச் சீர்படுத்துகிறார்கள், இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்ததும் முதியவர்கள் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். செத்தவரின் இடம் அடுத்த புத்தகத்திலும் காலியாகவே இருக்கிறது, மற்றவர்கள் நினைத்து நினைத்து வருந்துகிறார்கள். எதிரி விழுந்தால் புள்ளி ஏறி, அடுத்த நொடி உடல் மறைந்துபோகும் ஒரு கைபேசி விளையாட்டில் குழந்தை பார்க்கும் சாவுகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. அவை எதற்கும் யாரும் அழுவதில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது.

இனி நான் உறுதியாகச் சொல்ல முடியாதது. பெரும்பாலான எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதை நன்றாகவே தாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் தாங்குவதில்லை, அவர்கள் யார் என்று முன்கூட்டியே கணிப்பது கடினம். தைரியமாகப் பேசும் பையன் இரண்டாவது புத்தகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவான், அமைதியான பெண் பதினெட்டுப் புத்தகங்களைப் படித்து முடிப்பாள். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், அல்லது வளர்த்த பூனை ரோட்டில் அடிபட்டிருந்தால், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். இரண்டாவது புத்தகத்தில் ஒரு மாணவப்பூனை சாலையில் வண்டியில் அடிபட்டுக் காலில் நிரந்தர ஊனத்தோடு பிழைக்கிறது. கெட்ட கனவு, திரும்பத் திரும்ப ஒரே காட்சியைச் சொல்லிப் பயப்படுவது, தனியாகத் தூங்க மறுப்பது என்று ஏதாவது தெரிந்தால் நிறுத்திவையுங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது, பத்து வயதில் மறுபடி எடுக்கலாம். சண்டைக் காட்சிகளை வீட்டில் நடித்துப் பார்ப்பதும், நாற்காலிக்கு அடியில் முகாம் போடுவதும் பயத்தின் அடையாளம் அல்ல. அது சும்மா விளையாட்டு.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாக மகளிடம் சொல்லிவைக்க வேண்டும், வீட்டிலோ தெருவிலோ பூனை இருந்தால் இன்னும் கட்டாயம். கதையில் வைத்தியப்பூனைகள் வலிக்குக் கசகசா கொடுக்கின்றன, எலிக்கடிக்குக் காட்டுப்பூண்டில் புரளச் சொல்கின்றன. நிஜப் பூனைக்குப் பூண்டும் வெங்காயமும் நஞ்சு, ரத்தத்தின் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கசகசாச் செடியும் ஆகாது. தெருப்பூனைக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சமையலறையிலிருந்து பூண்டை எடுத்துப்போகும் குழந்தைகள் உண்டு. அடிபட்ட பூனை என்றால் கால்நடை மருத்துவர்தான். மற்றபடி, நிஜப் பூனைகளோடு கதை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பேசினால் சுவாரசியமாக இருக்கும். வாசனையால் எல்லை போடுவது உண்மை. உறவுக்காரப் பெண்பூனைகள் ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பது உண்மை. கூட்டமாக ரோந்து போய்ப் போர் புரிவது கற்பனை. உணவு கிடைக்கும் இடத்தில் கூட்டமாக வாழ்ந்தாலும் பூனை தனியாகத்தான் வேட்டையாடும். கதையில் வருபவை நம் வீட்டுப்பூனை இனமே, காட்டில் வாழ்கின்றன, அவ்வளவுதான். பிரிட்டனில் நிஜமான காட்டுப்பூனை இனம் ஒன்று உண்டு. அது ஸ்காட்லாந்தில் மட்டும் மிஞ்சி, வீட்டுப்பூனைகளோடு கலந்து கலந்து அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. வளர்ப்பகத்தில் பெருக்கிய காட்டுப்பூனைகளை 2023-இலிருந்து கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விட்டுவருகிறார்கள். இதைச் சொன்னால் உங்கள் மகள் நிச்சயம் தேடிப் படிப்பாள்.

அப்படித் தேடும்போது பக்கத்தில் இருங்கள். இந்தத் தொடருக்கு இணையத்தில் மிகப்பெரிய ரசிகர் உலகம் இருக்கிறது. பிள்ளைகள் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், யூடியூபில் அசைபடங்கள் போடுகிறார்கள். சில அசத்தலாக இருக்கும். ஆனால் ரசிகர்கள் செய்யும் வீடியோக்களில் ரத்தம் புத்தகத்தைவிட அதிகம், சில பதினைந்து பதினாறு வயதினருக்காகவே செய்யப்பட்டவை. ஆளுக்கொரு பூனையாக நடித்து எழுதும் குழுக்களில் எதிரே இருப்பவரின் வயது என்ன என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. புத்தகத்தைப் பற்றி எனக்கு இல்லாத தயக்கம் இந்த இடத்தில் உண்டு. ஒன்பது வயதில் தனியாக வேண்டாம்.

கடைசியாக வரிசை. வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. குலங்கள் எப்படித் தோன்றின என்று சொல்லும் 'டான் ஆஃப் தி கிளான்ஸ்' கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தையது என்று சிலர் அதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது 2013-இலிருந்து வந்தது, ஏற்கெனவே இந்த உலகம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது, முதலில் எடுத்தால் சப்பென்று இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஆறு புத்தகம். எட்டு வரிசைகள் முடிந்து, 2025-இல் ஒன்பதாவது தொடங்கியிருக்கிறது. இவை தவிரத் தடித்த சிறப்புப் பதிப்புகள், படக்கதைகள் என்று போய்க்கொண்டே இருக்கும். இத்தனையும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஆறிலேயே கதை முழுமையாக முடிகிறது. அதை மட்டும் வாங்குங்கள், மற்றவை நூலகத்திலோ தோழிகளிடமோ மாறி மாறிக் கிடைக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் தொடக்கத்திலும் குலவாரியாகப் பூனைகளின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் ஒரு பக்கக்குறி அட்டை செருகிக் கொடுங்கள். முதல் இருபது பக்கம் பெயர்களில் தடுமாறாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆறு முடிந்தும் ஆசை அடங்கவில்லை என்றால், மனிதர்கள் புதுச் சாலை போடக் காட்டை அழித்து, நான்கு குலங்களும் ஊரைவிட்டு நடந்தே ஒரு ஏரிக்கரையைத் தேடிப்போகும் இரண்டாவது வரிசை, 'தி நியூ ப்ராஃபெசி'. 2005-இல் தொடங்கியது. ரத்தம் முதல் வரிசையைவிடக் குறைவு, பயணமும் பசியும் அதிகம், ஒன்பது வயதுக்குத் தாராளமாகப் பொருந்தும். கடையில் அதற்குப் பக்கத்திலேயே 'ப்ளூஸ்டார்ஸ் ப்ராஃபெசி' என்ற தடித்த புத்தகம் இருக்கும். ப்ளூஸ்டாரின் இளமைக் கதை என்பதால் உங்கள் மகள் நிச்சயம் அதைத்தான் கேட்பாள். அதில் ஒரு தாய் தன் குட்டிகளைப் பனியில் வேறு குலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், ஒன்று வழியிலேயே விறைத்துச் சாகிறது. அதைப் பதினோரு வயதுக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.